பினாங்கில் மூன்று நாட்கள்

அமராவதிபுதூரில் நாம் குடியிருக்கும் தெருவின் கோடியில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்று உண்டு. அதன் முகப்பில் நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. திருமணம், படைப்பு என்று ஏதேனும் ஒரு நாளில் கதவு திறக்கும். மறுநாள் மீண்டும் பூட்டு விழும். செட்டிநாட்டில் வாழ்வோர்க்கு இரங்கூன், பினாங்கு, சைகோன், மேடான் ஆகியவை அந்நிய ஊர்களல்ல. வீட்டுப் பேச்சிலும் பழைய பத்திரங்களிலும் பழகிய பெயர்கள். ஆயினும் இந்தக் கடல்வழி உறவு முழுவதும் நகரத்தாருடைய வரவு செலவுக் கணக்கு என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். நம்மவர் பங்கு அதில் யாதென்று ஆராய்ந்ததில்லை. சென்ற ஆண்டு பினாங்கில் மூன்று நாட்கள் தங்க வாய்த்தபோதுதான் அந்த அறியாமை நமக்கு உறைத்தது.

முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சென்ற வழி அது. ‘ராஜுலா’ கப்பலையும், அதன்பின் ஓடி 1985இல் தீ விபத்துக்குள்ளான ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலையும் நினைவுகூரும் முதியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். நாமோ திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, ஒரு பகற்பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். விரைவாகச் செல்பவன் விரைவாக முடிவு கட்டுகிறான் என்பதை நம்மிடமே கண்டோம். முதல் நாள் நாம் கண்டது சுற்றுலாப் பயணியின் பினாங்கு: வண்ணம் பூசிய பழைய கடைவீடுகள், சுவரோவியங்களின் முன் படம் எடுத்துக்கொள்வோர் வரிசை, தெருவெங்கும் உணவு மணம்.

இரண்டாம் நாள் ஸுபுஹு தொழுகைக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குச் சென்றோம். அதன் வரலாற்றைச் சற்று விரித்துக் கூறவேண்டும். கடாரம் என்று நம் பழைய நூல்கள் கூறும் கெடாவின் சுல்தானுக்கு உரியதாயிருந்த இத்தீவில் 1786இல் பிரான்சிஸ் லைட் கும்பினிக் கொடியை நாட்டினார். கெடாவின் துறைமுகங்களில் அதற்கு முன்பே வாணிபம் செய்துவந்த சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் புதிய துறைமுகத்திற்கும் வந்து சேர்ந்தனர். அவர்களைச் ‘சூலியர்’ என்று ஏடுகள் குறிக்கின்றன. இது ‘சோழியர்’ என்னும் நம் சொல்லின் திரிபு என்பர். 1801இல் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் லீத் பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கினார். பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற வணிகர் காதர் முகைதீன் மரைக்காயர் அச்சமூகத்தின் தலைவராக, ‘கப்பித்தானாக’, விளங்கினார். அவர் பதவிப் பெயரே பள்ளிவாசலின் பெயராயிற்று. ‘கிளிங்’ என்பது கலிங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அக்காலத்தில் இந்தியரைக் குறித்த பொதுச்சொல் அது; இன்று அதனை வசைச்சொல்லாக உணர்ந்து நம்மவர் வருந்துகின்றனர். வசையாகிவிட்ட ஒரு சொல் பள்ளிவாசலின் வாயிலில் மட்டும் மதிப்போடு நிற்கிறது! ஆங்கில முதலமைச்சர் பிட்டின் பெயரைத் தாங்கியிருந்த அத்தெரு இன்று இப்பள்ளிவாசலின் பெயரால் வழங்குகிறது.

கட்டடத்தைப் பற்றி ஒரு சொல். வெண்ணிறச் சுவர்களும் கருநிறக் குமிழ்களும் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியில் கல்தூண்களைக் கண்டு வளர்ந்த கண்ணுக்கு அவை டில்லியை நினைவூட்டுகின்றனவேயன்றித் தமிழகத்தையல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூப்ரானர் என்னும் கட்டடக் கலைஞர் முகலாயப் பாணியில் மாற்றியமைத்த வடிவம் இது. முஸ்லிம்களின் கட்டடம் என்றாலே குமிழ் வேண்டும் என்று எண்ணிய காலம் போலும். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகச் சூலியா தெருவில் எழுந்த சிறு தர்காவே நம் ஊர்ச் சாயலை அதிகம் காத்து நிற்பதாக நமக்குப் பட்டது.

தொழுகை முடிந்து வெளியே அமர்ந்திருந்தபோது முதியவர் ஒருவர் அருகில் வந்து, “ஹஜ்ரத்துக்கு எந்த ஊரு?” என்று தமிழில் கேட்டார். காரைக்குடிப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. “காரைக்குடியா? எங்க ஊருத் தைப்பூச வெள்ளித்தேர் அங்கே செஞ்சதுதானே!” என்றார். 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலேற்றிய தேர் அது. பினாங்கு வீதியிலிருந்து புறப்பட்டு, 1857இல் நகரத்தார் எழுப்பிய தண்ணீர்மலைக் கோயில் வரை இன்றும் செல்கிறது. ஒரு முஸ்லிம் முதியவர் அதை ‘எங்க ஊரு’த் தேர் என்று உரிமையோடு சொன்னது நம் செவிக்கு இனித்தது.

அவர் பேரன் உடன் இருந்தான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. மூவரும் கப்பித்தானின் கபுறைக் காணச் சென்றோம். 1834இல் மறைந்த அவர் அடங்கியிருக்கும் இடம் கம்போங் கோலம். ‘கோலம்’ என்றால் மலாயில் குளம், நம் சொல்லேதான். ‘கடை’ அங்கே ‘கெடாய்’, ‘கப்பல்’ ‘கப்பால்’, வணிக ‘முதல்’ ‘மோடால்’. நம்மை நெகிழச் செய்த சொல் வேறொன்று. மலாய்க் கிராமங்களில் ஓதிக்கொடுக்கும் பெரியவரை ‘லெபாய்’ என்கின்றனர். நம் ‘லெப்பை’ அது. ஓதிக்கொடுக்கும் தொழிலில் தலை நரைத்த நமக்கு அச்சொல்லைக் கேட்டபோது உடன்பிறந்தாரைக் கண்டாற்போல் இருந்தது.

வழியில் அரபு எழுத்தில் எழுதிய பழைய பலகை ஒன்று. மலாய் மொழியை அரபு எழுத்துகளில், புள்ளிகள் கூட்டி எழுதும் ஜாவி முறை அது. நம் அரபுத்தமிழும் அவ்வாறு அமைந்ததே. எழுத்தைக் கூட்டி உரக்கப் படித்தோம், பொருள் விளங்கவில்லை. பேரனுக்கு மலாய் நன்கு தெரியும். ரோமன் எழுத்தில் பயின்றவனாதலால் பலகையை வாசிக்க இயலவில்லை. நாம் ஒலிக்க, அவன் பொருள் சொன்னான். முதியவர் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் நாள் பள்ளிவாசலைச் சுற்றி நடந்தோம். வக்பு நிலத்தின் நிர்வாகப் பிணக்குகள் முற்றி, 1905இன் சட்டத்தால் முகமதிய, இந்து அறநிலைய வாரியம் ஏற்பட்டது. நம்மவர் கையிலிருந்த பொறுப்பு அரசு அமைத்த வாரியத்திற்குச் சென்றது. நிலத்தின் எல்லைகளும் காலப்போக்கில் சுருங்கின. இவ்வளவையும் நாம் கற்றது தமிழ் நூலொன்றிலிருந்து அன்று. பினாங்கு ஆய்வாளர் கூ சல்மா நசூதியோன், சூலியரைப் பற்றி 2014இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட பெருநூலைக் கடையொன்றில் வாங்கி, இரவெல்லாம் அகராதியின் துணையோடு புரட்டினோம். பத்திரங்களையும் மரண சாசனங்களையும் தேடித் தொகுத்திருக்கிறார் அந்த அம்மையார். அவருக்கு நன்றி கூறும்போதே நாணமும் வந்தது. தேதியிட்ட கடிதங்களை, கணக்கேடுகளை, பழைய கடவுச்சீட்டுகளை நம் வீடுகளில் என்ன செய்தோம்? நம் வீட்டிலேயே பரணைத் துப்புரவு செய்த ஒரு பெருநாளில், அரபுத்தமிழில் எழுதிய கடிதக் கட்டொன்றைப் படிக்க இயலாத காகிதம் என்று கருதிப் பிள்ளைகள் அடுப்பில் இட்டனர். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதராகிய நாம் அப்போது வெளியூரில் இருந்தோம்.

விடைபெறும்போது முதியவர் ஒரு தாளை நம் கையில் தந்தார். அதில் தம் பாட்டனார் பெயரும், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பெயரும் பேரன் கையால் ரோமன் எழுத்தில் எழுதியிருந்தன. “அங்கே யாராச்சும் இருக்காங்களான்னு பார்த்துச் சொல்லுங்க, ஹஜ்ரத்” என்றார். அத்தாள் இப்போது நம் மேசைமீது இருக்கிறது. ரமலான் கழிந்ததும் அவ்வூருக்குச் செல்லவேண்டும்.