பூட்டைத் திறந்து காட்டியவர்

இலண்டன் மாநகரிலே 1851ஆம் ஆண்டு பெருங்கண்காட்சி நடைபெற்ற காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் பூட்டுக் கைவினைஞர், கள்ளர் எவராலும் திறக்க முடியாதது எனப் பெயர் பெற்றிருந்த சப் நிறுவனத்தாரின் பூட்டைச் சாட்சிகள் பார்த்திருக்க ஏறத்தாழ 25 நிமிடங்களிலே திறந்து காட்டினார். அதன் பின்னர், பிக்காடிலி வீதியிலே பிரமா நிறுவனத்தாரின் கடைச் சாளரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறைகூவலாய் நின்ற பூட்டையும், பதினாறு நாட்களில் 51 மணி நேரம் முயன்று திறந்து, 200 கினி பரிசையும் பெற்றார்.

மகிழ்ந்தவர் சிலர், சினந்தவர் பலர். பூட்டின் பலவீனத்தை ஊரறியச் செய்தால் திருடர் அதைக் கற்றுக்கொள்ளமாட்டாரோ என்று கேட்டனர். திருடருக்கு அது முன்னரே தெரியும், அறியாதிருப்பவர் காசு கொடுத்துப் பூட்டை வாங்கும் வீட்டுக்காரரே என்பது மறுதரப்பாரின் விடை. ஹாப்ஸ் தாமும் ஒரு பூட்டு வணிக நிறுவனத்தின் ஆளாகவே வந்தவர் என்பதை இங்கு மறைப்பதற்கில்லை. குறை காட்டுவோரின் உள்ளம் எப்பொழுதும் முற்றிலும் தூயதாய் இருப்பதில்லை. ஆயினும் பூட்டுத் திறந்தது உண்மை.

இரும்புப் பூட்டைப் பற்றி அன்று எழுந்த இவ்வினா, ஒன்றரை நூற்றாண்டின் பின் நமது அயல்நாடாகிய இந்தியாவிலே வேறொரு பெட்டியைப் பற்றி எழுந்தது. அதுவே இலத்திரனியல் வாக்குப்பதிவுப் பொறி. 1982ஆம் ஆண்டு கேரளத்துப் பரவூர்த் தொகுதியிலே முதன்முதலாகப் பயன்பட்ட இப்பொறி, சட்டத்தில் அதற்கு இடமில்லை என 1984இல் உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தமையால் சிறிது காலம் ஒதுங்கியிருந்தது. பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டு, 2004ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் பரவியது. பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இப்பொறியின் உருவாக்கத்தை மேற்பார்த்தவர் சுஜாதா என்னும் புனைபெயரில் நாம் அறிந்த எழுத்தாளர் ரங்கராஜன் என்பதை நேயர்கள் பலர் அறிந்திருப்பர்.

இப்பொறியிலே குறை உண்டு என்று கூறியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத் என்னும் பொறியியலாளர். 2009 செப்டம்பரில் தேர்தல் ஆணையத்தின் முன்னிலையில் அதனைச் சோதிக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. சோதனை இடைநடுவிலே நின்றது. நின்றமைக்குக் காரணம் இருதரப்பாரும் வேறுவேறாகவே கூறினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் பொறியொன்றை அவரிடம் கொண்டுவந்து தந்தார். அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தைச் சேர்ந்த ரொப் ஹொங்ரைப் ஆகியோருடன் கூடி அவர் அதனை ஆராய்ந்தார். வாக்கெண்ணிக்கையைக் காட்டும் பலகையை எடுத்துவிட்டு, அதைப் போலவே தோன்றும் வேறொரு பலகையைப் பொருத்தினால், கைத்தொலைபேசி வழியே குறித்த வேட்பாளருக்குச் சாதகமான பொய்யெண்களைக் காட்டச் செய்யலாம் என்றும், நினைவகச் சில்லுகளின்மேல் சிறு கருவியொன்றைக் கவ்வவைத்து, வாக்களிப்புக்கும் எண்ணுகைக்கும் இடைப்பட்ட காலத்திலே வாக்குகளை மாற்றலாம் என்றும் அவர்கள் 2010 ஏப்ரலில் வெளியிட்டனர். இவற்றுக்குப் பொறியைக் கையால் தொடும் வாய்ப்பு வேண்டும். காவலும் முத்திரையும் அதனைத் தடுக்கும் என்பது ஆணையத்தின் வாதம். அவ்வாதமும் புறக்கணிக்கத் தக்கதன்று.

2010 ஆகஸ்ட் 21ஆம் நாள் அதிகாலையில், மும்பைப் பொலிஸார் ஐதராபாத்திலுள்ள அவரது இல்லத்துக்கு வந்து ஹரி பிரசாத்தைக் கைதுசெய்தனர். குற்றச்சாட்டு கணினியைப் பற்றியதன்று. அரச களஞ்சியத்திலிருந்து பொறி களவுபோனது என்பதே. பொறியைத் தந்தவர் யார் எனக் கேட்கப்பட்டது. அவர் சொல்லவில்லை.

இவ்விடத்திலேதான் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது. தந்தவரின் பெயரைச் சொல்லியிருப்பின் தம் துன்பம் குறைந்திருக்கலாம். நம்பித் தந்தவர் சிறை புகுந்திருப்பார். மறுபுறம், அரசின் பொருளை அனுமதியின்றிப் பெற்று ஆராய்ந்தது முறையா என்று கேட்போரையும் நாம் தள்ளிவிட முடியாது. முறையாகக் கேட்ட சோதனை நிறைவேறாதபோது வேறு எவ்வழி இருந்தது என்பது என் எண்ணம். ஒரு வாரம் கழித்துப் பிணை வழங்கிய நீதவான், பொறி களவாடப்பட்டதெனவே கொண்டாலும் இவரிடத்தில் வஞ்சக எண்ணம் இருந்ததாகத் தோன்றவில்லை என்று குறிப்பிட்டார்.

பின்னர் நடந்தது யாது? வாக்காளர் தாம் அளித்த வாக்கைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்யும் தாள்துண்டு, 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நொக்சன் தொகுதி இடைத்தேர்தலிலே முதன்முதல் அச்சிடப்பட்டது. அதனைப் படிப்படியாக எங்கும் கொண்டுவருமாறு அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பணித்தது. இது ஒரு மனிதரின் ஆய்வினால் மட்டும் விளைந்தது எனல் மிகையாகும். பலர் கேட்டனர், வழக்காடினர். ஆயினும் கேட்டவர்களுள் சிறை சென்றவர் அவர்.

நம் நாட்டிலே வாக்குகள் இன்றும் தாளில்தான் இடப்படுகின்றன. ஆனால் வங்கியும் வைத்தியசாலையும் அரச அலுவலகமும் கணினிக்குள் புகுந்துவிட்டன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தனக்கு அதிகாரமில்லை என்று அறிந்தும் ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுக முற்படுவதே குற்றம். தண்டம் ஓர் இலட்சம் ரூபா வரை, சிறை ஐந்தாண்டு வரை. மேலும் ஒரு குற்றம் புரியும் நோக்கத்தோடு அணுகுவது அடுத்த பிரிவுக்குரியது. ஆகவே, 3ஆம் பிரிவின் முன்னே நல்ல நோக்கமும் தீய நோக்கமும் ஒன்றாகவே நிற்கின்றன.

ஜெயபுரத்திலே ஒரு மாணவி, தன் சேமிப்புக் கணக்கைப் பார்க்கும் பக்கத்தின் முகவரியில் ஓர் இலக்கத்தைத் தவறி மாற்ற, முன்பின் அறியாத ஒருவரின் கணக்கு விரியக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதன்முறை நேர்ந்தது தவறுதல். உண்மைதானா என்று அறிய இரண்டாவது இலக்கத்தையும் மாற்றிப் பார்த்தால்? சோதியாமல் சொன்னால் வங்கி நம்பாது. சோதித்துச் சொன்னால் சட்டம் நிற்கிறது.

எல்லாக் குறைகாட்டலும் ஒன்றன்று என்பதையும் சொல்லியாகவேண்டும். 2016 ஆகஸ்டில் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன், ஜனாதிபதியின் இணையத்தளத்திலே புகுந்து அறிவித்தல் எழுதியதாகக் கைதுசெய்யப்பட்டான். உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் நடத்தவேண்டாம் என்பதோடு, நாட்டின் இணையத்தளங்களின் பாதுகாப்பையும் கவனியுங்கள் என்று அவ்வறிவித்தல் கேட்டது. கேட்டதிலே நியாயம் உண்டு. ஆனால் திறந்திருந்த வீட்டின் சுவரிலே எழுதிவைப்பது வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வதாகாது.

கூப்பிட்டுச் சொல்வோருக்கு வழி வகுத்த நாடுகளும் உள. நெதர்லாந்து 2013இல் அதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெல்ஜியம் 2023இல் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது: தீங்கெண்ணம் கூடாது, குறையை நிறுவத் தேவையான அளவுக்கு மேல் நுழைதல் கூடாது, உரியவருக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும், இசைவின்றி ஊருக்கு வெளியிடலாகாது. இவற்றைக் காத்தவர்மீது அந்நாட்டிலே வழக்கில்லை. நமது 2007ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது இத்தகைய விலக்கு அதில் எழுதப்படவில்லை. அம்மாணவி வங்கிக்கு எழுதும் கடிதத்தின் அடியிலே, தன் பெயரை இடுவதா விடுவதா என்று பேனாவைப் பிடித்தபடி இருக்கிறாள்.