நெஞ்சில் ஏறும் பாரம்

1768ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆந் திகதி, இலண்டன் மாநகரில், அரச வைத்தியக் கல்லூரியின் அவையிலே வில்லியம் ஹெபர்டன் என்னும் வைத்தியர் ஒரு கட்டுரையை வாசித்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டு நிலத்தில் ஏறும்போதும் உணவருந்தியபின் நடக்கும்போதும், சிலருக்கு நெஞ்சிலே ஒருவகை இறுக்கம் உண்டாகிறது. அது இன்னும் சிறிது நீடித்தால் உயிரே பிரிந்துவிடும்போல் தோன்றுகிறது. நின்றவுடன் முற்றாக மறைந்துவிடுகிறது. தாம் கண்ட ஏறக்குறைய இருபது நோயாளரைக் கொண்டு அவர் இதனை விவரித்தார். நெரித்தல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் இந்நோய்க்குப் பெயரும் இட்டார். அப்பெயரே இன்றும் வைத்திய நூல்களில் வழங்குகிறது.

ஹெபர்டன் நோயின் காரணத்தை அறிந்தாரல்லர். அவரிடம் தக்க மருந்தும் இல்லை. இரவிலே சிறிது அபின் கொடுக்கலாம் என்ற அளவிலேயே நின்றார். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அவர் எழுதியவற்றுள் மிகப் பெறுமதியானது நோயின் முதல் நிலைபற்றிய வருணனையன்று. அது மாறிச் செல்லும் விதத்தைப் பற்றியதே. சில மாதங்கள் சென்றபின், நின்றாலும் வலி உடனே தணிவதில்லை. படுக்கையிற் கிடக்கும்போதும் வருகிறது, நித்திரையிலிருந்து எழுப்பிவிடுகிறது. விழுங்குதல், இருமுதல், பேசுதல், மனக்கலக்கம் ஆகியவைகூட அதைக் கிளப்பிவிடப் போதுமானவையாகின்றன. வலி தன் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறது என்பதே இதன் சாரம். இதன் முழு அர்த்தம் விளங்க இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

கட்டுரை 1772இல் அச்சில் வெளிவந்தது. அதைப்பற்றிய செய்தியைச் சஞ்சிகையொன்றில் வாசித்த ஒருவர், தமக்கும் இதே நோய் உண்டென்று, பெயர் குறிப்பிடாமல் ஹெபர்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் திடீரென இறந்தால் தம் உடலை அறுத்துப் பார்த்துக் காரணத்தை அறிந்துகொள்ளும்படி அதிலே கேட்டிருந்தார். மூன்று வாரங்கள் செல்லுமுன் அவர் இறந்தார். அக்காலத்திலே பிரேத பரிசோதனைக்குத் தம் உடலைத் தாமே முன்வந்து ஒப்படைப்பது எளிதான காரியமன்று; இப்பெயரறியா மனிதருக்கு வைத்திய உலகம் பெரிதுங் கடமைப்பட்டுள்ளது.

அவ்வுடலை அறுத்தவர் யோன் ஹன்ரர். அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த சத்திர வைத்தியர் அவர். பிற்காலத்தில் அம்மைப்பால் குத்துதலால் உலகப்புகழ் பெற்ற எட்வேர்ட் ஜென்னர் அன்று அவருடைய மாணவராக அருகில் நின்றார். இருதயத்தில் தெளிவான குற்றம் எதுவும் தென்படவில்லை. ஏனெனில், இருதயத்தின் தசைக்கே இரத்தத்தைக் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளை அவர்கள் பிளந்து பார்க்கவில்லை. விடை கையருகே கிடந்தது. கை அதைத் தொடவில்லை.

அடுத்த ஆண்டிலேயே, 1773இல், ஹன்ரருக்கு முதல் தாக்கம் ஏற்பட்டது. இரைப்பையின் அருகே கடும் வலி, முகம் வெளிறிற்று, நாடித்துடிப்பு உணரமுடியாமற் போயிற்று. வயிற்றுக்குள் எழுந்த பிடிப்பு என்றே அது கருதப்பட்டது. மனித உடலை அவரளவு அறிந்தோர் அக்காலத்தில் அரியர். அவருடைய நெஞ்சே வயிற்றின் வேடம் பூண்டு வந்தபோது அதை அடையாளங் காண்பது கடினமாயிற்று. பின்னாளில் வலி அடிக்கடி வந்தது. 1785க்குப்பின் சிறு கோபமும் அதற்குப் போதுமானதாயிற்று. தம்மைச் சினமூட்ட விரும்பும் எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டாம். இதற்கிடையில் ஜென்னர் வேறு நோயாளரின் உடல்களை ஆராய்ந்து, முடியுரு நாடிகள் தடித்து ஒடுங்குவதே காரணம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஆசிரியரின் நோயும் அதுவே என்று அறிந்ததால், அவர் மனம் நோகுமே என்று அதனை வெளியிடத் தயங்கினார். அன்பினால் விளைந்த மௌனம் அது. அதனால் அறிவு சில ஆண்டுகள் பின்தங்கிற்று என்பதையும் மறுக்கவியலாது.

1793ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆந் திகதி சென் ஜோர்ஜ் வைத்தியசாலையின் ஆளுநர் கூட்டத்தில் மாணவர் சேர்வுபற்றி வாதம் எழுந்தது. ஹன்ரரின் கூற்றை ஒருவர் மறுத்துரைத்தார். ஹன்ரர் எழுந்து அடுத்த அறைக்குள் சென்றார்; அங்கேயே சாய்ந்து உயிர்நீத்தார். அவருக்கு வயது 65. உடலை ஆராய்ந்தபோது முடியுரு நாடிகள் எலும்புபோல் இறுகியிருக்கக் காணப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வலியைத் தணிக்கும் மருந்துகளைத் தந்தது. 1867இல் லோடர் பிரன்ரன் அமைல் நைத்திரைற்றையும், 1879இல் வில்லியம் முரல் நைத்திரோகிளிசரினையும் பயன்படுத்திக் காட்டினர். பாறை பிளக்கும் வெடிமருந்துச் சரக்கு நாவின் கீழ் மருந்தானது ஒரு விந்தையே. ஒல்லாந்து நாட்டு ஐந்தோவன் இருதயத்தின் மின்னோட்டத்தை வரையும் கருவியை அமைத்தார். 1912இல் சிக்காகோ நகரின் ஜேம்ஸ் ஹெரிக், நாடியில் இரத்தம் உறைந்து அடைத்தாலும் நோயாளி உடனே இறந்துவிட வேண்டியதில்லை என்று நிறுவினார். ஆகவே காப்பாற்றுதற்கு ஒரு கால இடைவெளி உண்டு என்பது தெளிவாயிற்று.

அந்த இடைவெளி எவ்வளவு எளிதில் நழுவும் என்பதை 1955ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டிற்று. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் செப்ரெம்பர் 23ஆந் திகதி டென்வரில் கோல்ப் விளையாடினார். நண்பகலில் வெங்காயத்துடன் இறைச்சிப் பணியாரம் உண்டார். பிற்பகலில் வயிற்றில் ஓர் அசௌகரியம். வெங்காயத்தின்மேல் பழி விழுந்தது. நள்ளிரவுக்குப்பின் நெஞ்சிலே கடும் வலி எழுந்தது. மறுநாட் காலையிற் செய்தியாளருக்குச் சொல்லப்பட்டது சமிபாட்டுக் கோளாறு என்பதே. நண்பகல் கழிந்தபின் எடுத்த ஈ.சி.ஜி. வரைபே மாரடைப்பு என்று காட்டியது. அவர் பிழைத்தார், அடுத்த ஆண்டில் மீண்டும் தெரிவுசெய்யப்பட்டார். ஆயினும் நாட்டின் முதல்வருக்கே, வைத்தியர் அருகிருந்தும், இவ்வளவு நேரம் சென்றது.

நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராமல் வைத்தியசாலையே நோயாளியிடம் செல்லவேண்டும் என்ற எண்ணத்தை 1966இல் பெல்பாஸ்ற் நகரில் பிராங்க் பன்ரிஜ் செயற்படுத்தினார். மோட்டார் வாகன மின்கலங்களால் இயங்கிய, ஏறக்குறைய 70 கிலோ நிறையுள்ள மின்னதிர்ச்சிக் கருவி அவருடைய அம்புலன்சில் ஏற்றப்பட்டிருந்தது. இறப்பவருட் பலர் முதல் ஒரு மணித்தியாலத்திலேயே இறக்கின்றனர் என்பதே அவரை உந்தியது. 1988இல் வெளியான, 17,187 நோயாளர் பங்குகொண்ட பெரும் பரிசோதனை, அஸ்பிரினும் உறைவு கரைக்கும் மருந்தும் உயிரிழப்பைக் குறைக்கின்றன என்றும், விரைவிற் கொடுத்தாற் பயன் மிகுதி என்றும் காட்டியது.

ஹெபர்டன் கண்ட மாற்றத்தின் பொருளும் இப்போது தெளிவாகிவிட்டது. நாடியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்க, அதன்மேல் இரத்தம் உறைகிறது. நடந்தால் மட்டும் வந்த வலி இருக்கையிலும் வருவது, முன்னிலும் அடிக்கடி வருவது, குறைந்த உழைப்பில் வருவது, நெடுநேரம் நீடிப்பது ஆகியவை அதன் குறிகள். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் நீங்காத வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை நாளைவரை பொறுப்பவையல்ல. பெண்களிலும் முதியோரிலும் நீரிழிவுக்காரரிலும் வலி மிகச் சிறிதாகவே இருக்கலாம். களைப்பும் குமட்டலும் மட்டுமே தோன்றலாம்.

ஐசனோவருக்கு வெங்காயம் என்றால் எம்மவர்க்கு வாய்வு. இஞ்சித் தேநீரும் ஓமத் தண்ணீரும் சோடாவும் தீங்கற்றவையே; அவை பருகப்படும் அந்த அரை மணித்தியாலந்தான் தீங்கு. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி வண்டி வரும். அதுவரை நோயாளியை நடக்கவிடாமல், மோட்டார்ச் சைக்கிளைத் தாமே செலுத்தவும் விடாமல், சாய்த்து இருத்தி வைத்தல் வேண்டும். இரவானால் வாசல் விளக்கை ஏற்றிப் படலையைத் திறந்துவிட ஒருவர் வெளியே நிற்பது நன்று.