பெயர் போன ஊர்: திண்டுக்கல் பிரியாணியும் உணவுவழிச் சுற்றுலாவும்

1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் திறந்த கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குச் சட்டென்று விளங்காது. நாயுடு எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பவர். சாப்பிட வந்தவர்கள் கடையைத் ‘தலப்பாக்கட்டி’ என்று அடையாளம் சொன்னார்கள். பலகையில் எழுதிய பெயரை வாய்ப்பேச்சு மெல்ல மெல்ல அழித்துவிட்டது. பிற்காலத்தில் அதன் முன்னால் ஊர்ப்பெயரும் சேர்ந்துகொண்டது. சென்னையிலும் கொழும்பிலும் துபாயிலும் பாரிசிலும் ‘திண்டுக்கல்’ என்ற சொல் பெயர்ப்பலகை ஏறியது இப்படித்தான். ஊரின் பெயர் கடல் கடந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு உலகம் ஏன் ஊருக்கு வரவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

திண்டுக்கல் பிரியாணியின் வரலாற்றை ஹைதர் அலியிடமிருந்து தொடங்குவது மேடைப் பேச்சில் வழக்கம். 1755-இல் மைசூர் அரசின் படைத்தலைவராக அவர் இங்கே பொறுப்பேற்றது உண்மை. அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் பேகம்பூர் அமைந்ததும் ஊர் அறிந்த செய்தி. ஆனால் அந்தக் காலத்துக்கும் நாயுடு கடைக்கும் நடுவே 200 ஆண்டுகள் கிடக்கின்றன. கோட்டையிலிருந்து சட்டிக்கு நேராகக் கோடு இழுப்பது அந்த இடைக்காலத்து உழைப்பையெல்லாம் மறைத்துவிடும். இந்தப் பிரியாணியை உருவாக்கியது அரண்மனையைவிடச் சந்தைதான் என்பது என் துணிபு.

காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவே மழை குறைந்த மேட்டாங்காடு. நெல்லைவிட ஆடும் புகையிலையும் செழித்த பூமி. 1875-இல் திருச்சி - மதுரை ரயில் பாதை ஊரைத் தொட்டதும் சரக்குப் போக்குவரத்து பெருகியது. திண்டுக்கல் சுருட்டு கடல் தாண்டிப் போனது. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள் பெருகின. ஆடு விற்கவும் தோல் வாங்கவும் பூட்டுக்கு ஆர்டர் கொடுக்கவும் வந்தவர்களுக்கு மதியம் வயிறு நிறைய, விரைவாக, ஒரே தட்டில் கிடைக்கும் சாப்பாடு வேண்டியிருந்தது. இஸ்லாமியர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இருந்த பிரியாணியை, வியாபாரிக்கும் பஸ் பயணிக்கும் அன்றாடம் கிடைக்கும் கடைச் சாப்பாடாக நாயுடு போன்றவர்கள் மாற்றினார்கள். சாதியும் மதமும் பந்தியைப் பிரித்துவைத்த காலத்தில் அது சின்ன மாற்றம் இல்லை.

சட்டிக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் அரிசியைத் தனியே அரைவேக்காடாக வேகவைத்து, கஞ்சியை வடித்துவிட்டு, கறி மசாலாவோடு சேர்த்துத் தம் போடுவார்கள். திண்டுக்கல்லில் வடிப்பது கிடையாது. கறி வெந்த சாற்றிலேயே அரிசியைப் போட்டு வற்றவிடுவார்கள். அதனால்தான் சீரகச் சம்பா. பாசுமதி நீளும், உதிரும். சாற்றை உள்ளே இழுத்துக்கொள்வதில் சம்பாவுக்கு ஈடாகாது. சின்ன மணி, தனக்கென ஒரு வாசம். பழைய அரிசியாக இருந்தால் குழையாமல் பூக்கும். மிளகு தூக்கலாக, தயிரும் எலுமிச்சையும் சேர்ந்த புளிப்போடு, சிறு துண்டுகளாக நறுக்கிய கறி. கன்னிவாடி, பரமத்திச் சந்தைகளின் வெள்ளாட்டுக் கறிதான் வேண்டும் என்று பழைய கடைக்காரர்கள் பிடிவாதமாக நின்றார்கள். காட்டுச் செடி கடித்து நடந்து வளர்ந்த ஆடு, பட்டியில் தீனி போட்டு வளர்த்த ஆடு இரண்டின் கறிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் அவர்கள்.

2009-இல் தலப்பாக்கட்டி சென்னைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சி.எக்ஸ். பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் போட, கிளைகள் பெருகின. பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. ஒரு மனிதரின் தலைப்பாகை வணிகமுத்திரைச் சட்டத்தின் கீழ் சொத்தாகிவிட்டதை இங்கே கவனிக்க வேண்டும். ஊருக்குள் வேணு பிரியாணி, பொன்ராம் போன்ற கடைகளும் அதே பாணியில் பேர் வாங்கியவைதான். ஆனாலும் வெளியூருக்கு ‘திண்டுக்கல் பிரியாணி’ என்றால் ஒரு நிறுவனத்தின் பெயர். ஊர் முழுவதும் சேர்ந்து வளர்த்த சமையல் பாணி என்பது பின்னுக்குப் போய்விட்டது.

உணவைக் கொண்டே உலகைத் தன் பக்கம் திருப்பிய தென் கொரியாவை இந்த இடத்தில் பார்ப்பது உதவும். 2008-இல் லீ மியூங் பாக் அரசு கொரிய உணவை உலகெங்கும் கொண்டுசெல்லும் திட்டத்தை அறிவித்தது. அதிபரின் மனைவி கிம் யூன் ஓக் முன்னின்று நடத்தினார். 2010-இல் அதற்கென ஓர் அறக்கட்டளை. உலகின் முதல் 5 உணவு மரபுகளில் ஒன்றாக 2017-க்குள் ஆகிவிட வேண்டும் என்பது இலக்கு. ‘தொக்பொக்கி’ என்ற தெருவோர அரிசிப் பண்டத்துக்கு ஆராய்ச்சி நிலையம்கூடத் திறந்தார்கள். பணம் வீணாகிறது என்ற கண்டனம் அந்நாட்டிலேயே பலமாக எழுந்தது. உலகத்தின் நாவில் கொரியாவை ஏற்றியதில் அரசாணைகளுக்குச் சமமாக, ஒருவேளை கூடுதலாகவே, கதைகளுக்குப் பங்குண்டு. அரண்மனைச் சமையல்காரப் பெண்ணைப் பற்றிய ‘தே ஜங் கம்’ தொடர் 2003-இல் வந்து நாடு நாடாகப் போனது. தமிழ்நாட்டிலேயே புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் ஒளிபரப்பியது. இன்று நம் சிறுநகரக் கடைகளிலும் கொரிய ராமன் நூடுல்ஸ் பொட்டலம் தொங்குகிறது.

நமக்குப் பாடம் சியோலைவிட ஜியோன்ஜுவில் இருக்கிறது. பிபிம்பாப் என்னும் கலவைச் சோற்றுக்குப் பேர்போன நகரம் அது. அங்கேயும் பழைய முறையில் சோற்றை மாட்டெலும்புச் சாற்றில் வேகவைப்பார்கள். நம் சட்டிக்குத் தூரத்து உறவு. அந்தச் சோற்றை எந்த நாட்டிலும் சமைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் சோற்றோடு சேர்த்து ஊரையும் காட்டினார்கள். ஏறத்தாழ 700 ஓட்டு வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பைக் காத்தார்கள், ஆண்டுதோறும் பிபிம்பாப் விழா எடுத்தார்கள். 2012-இல் யுனெஸ்கோ அதை உணவுக்கலை நகரமாக ஏற்றது. தட்டில் இருப்பது எந்த வயலில், எந்த முற்றத்தில் விளைந்தது என்று பார்க்கத்தான் வெளிநாட்டார் அங்கே போகிறார்கள்.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. காரைக்குடியில் 1999-இல் திறந்த ‘தி பங்களா’ விடுதி செட்டிநாட்டுச் சமையலைச் சாப்பிடவும் கற்கவும் வெளிநாட்டாரை வரவழைத்தது. இன்னும் நெருங்கிய உதாரணம் இதே மாவட்டத்துப் பழனி. மலை வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலம் சேர்ந்த பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழகக் கோயில் பிரசாதங்களில் அதுவே முதல். மலையேறிய பக்தர் அதை டப்பாவில் வீட்டுக்கு எடுத்துப்போகிறார். அங்கே மனிதர் வருகிறார், பண்டம் கூடப் போகிறது. திண்டுக்கல்லிலோ பண்டம் போய்விட்டது, மனிதர் வரவில்லை. சிறுமலை வாழை, விருப்பாச்சி வாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டு எனக் குறியீடு பெற்றவை மாவட்டத்தில் பல. பிரியாணி அந்தப் பட்டியலில் இல்லை. கொடைக்கானலுக்குப் போகும் வெளிநாட்டுப் பயணிக்கும் திண்டுக்கல் சமவெளி இன்னும் கார் கண்ணாடி வழியே கடந்துபோகும் இடம்தான்.

இதற்கு விளம்பரப் பலகை போதாது. 2024 டிசம்பரில் சென்னை மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழாவில் மாவட்ட உணவுகள் வரிசையாக நின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் அதுவும் உணவைத் தலைநகருக்கு வரவழைக்கும் ஏற்பாடு. தலைநகருக்கு வந்திறங்கும் பயணியை மாவட்டத்துக்கு அனுப்பும் ஏற்பாடுதான் இப்போது தேவை. அதற்கு வேண்டியவை எல்லாம் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன: தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மலைக்கோட்டை, பேகம்பூரின் பள்ளிவாசல், சின்னாளபட்டியின் சுங்குடித் தறிகள், அதன் அருகே காந்திகிராமம், காய்கறி லாரிகள் வரிசைகட்டும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட். இவற்றைச் சட்டியோடு கோத்துச் சொல்லும் ஒரு வழிகாட்டி போதும். சமையல்காரர்களும் ஆட்டு வியாபாரிகளுமே அதில் பேசுபவர்களாக இருக்க வேண்டும்.

அப்படியொரு பயணத்தின் தொடக்கத்துக்கு ஏற்ற நாள் வியாழக்கிழமை. அன்று விடியலில் திருச்சி சாலையில் அய்யலூரில் ஆட்டுச் சந்தை கூடுகிறது. வெளிச்சம் வரும் முன்பே கயிற்றோடு ஆடுகள் இறங்கும், விலை படியும், வண்டிகள் நகரும். வெயில் ஏறுவதற்குள் சந்தை கலைந்துவிடும். மலைக்கோட்டை ஏறி இறங்கி, ஊருக்குள் பிரியாணிச் சட்டி திறக்கும் நேரத்துக்கு இலை முன்னால் உட்கார அவகாசம் சரியாக இருக்கும்.