டாட்டூயினும் அராகிஸும்

விண்வெளிக் காவியப் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை இரண்டு. ஒன்று, ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ (1977). மற்றொன்று, டெனி வில்நெவ் இரண்டு பாகங்களாக (2021, 2024) எடுத்த ‘டூன்’. ஸ்டார் வார்ஸில் ஊறிப்போன நண்பர்கள் அடுத்து எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் டூனைத்தான் சொல்கிறேன். இரண்டும் ஒரே கதையைச் சொல்லத் தொடங்கி, நேர் எதிரான முடிவுகளுக்குப் போய்ச் சேர்கின்றன என்பதே காரணம்.

பொதுவானவை நிறைய. தண்ணீரில்லாத ஒரு பாலைக் கிரகம். அண்டத்தையே ஆளும் பேரரசு. குடும்பத்தை இழந்து நிற்கும் இளைஞன். அவனுக்குள் விழிக்கும் அபூர்வ ஆற்றல். எதிரியின் இரத்தமே தன் உடலில் ஓடுகிறது என்று பின்னர் தெரியவரும் உண்மை. இதில் முந்தியது டூன். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவல் 1965-இல் வந்துவிட்டது. கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம்தான் அதை நூலாக வெளியிட்டது. லூகாஸ் அதிலிருந்து எடுத்துக்கொண்டவை வெளிப்படையாகவே தெரியும். போதாதற்கு அகிரா குரோசாவாவின் ‘மறைந்த கோட்டை’ (1958) படமும், ஜோசப் கேம்ப்பெல் தொன்மங்களைப் பற்றி எழுதிய நூலும் அவருக்குக் கைகொடுத்தன. சினிமாவில் மட்டும் வரிசை தலைகீழானது. ஸ்டார் வார்ஸ் உலகை வென்று முடித்த பிறகே டூன் திரைக்கு வந்தது. 1984-இல் அதைப் படமாக்கிய டேவிட் லிஞ்ச், அதற்குச் சற்று முன்பு லூகாஸ் தர முன்வந்த ‘ஜெடாய் திரும்புதல்’ என்ற ஸ்டார் வார்ஸ் படத்தை மறுத்தவர். 137 நிமிடத்தில் அடைக்கப்பட்ட அந்த டூன் மூச்சுத் திணறியது. நாவலுக்கு வேண்டிய இடத்தை வில்நெவ்தான் கொடுத்தார்.

இரண்டு படங்களும் மணலைக் காட்டும் விதத்திலேயே பிரிவு தொடங்கிவிடுகிறது. லூகாஸ் தெற்கு துனிசியாவில், டோஸர், மட்மாட்டா பகுதிகளில் படமெடுத்தார். நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் வீடாக வருவது, மட்மாட்டாவில் பெர்பர் மக்கள் பூமியைக் குடைந்து வாழ்ந்த குழி வீடு. தட்டாவீன் என்ற துனிசிய ஊரின் பெயரே அவனுடைய கிரகத்துக்கு டாட்டூயின் என்று ஆனது. காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து விற்கும் பண்ணையில் வளர்கிற லூக்குக்கு அந்த இடத்தில் ஒட்டுதல் இல்லை. இரட்டைச் சூரியன்கள் மறைவதைப் பார்த்து நிற்கும் காட்சியில் அவன் மனம் முழுக்க, இங்கிருந்து எப்படித் தப்புவது என்பதுதான். அத்தையும் மாமாவும் கொல்லப்பட்டதும் கிளம்பிவிடுகிறான். அவனுக்குப் பாலை என்பது விட்டுப் போகவேண்டிய ஊர்.

டூனின் நாயகன் பால் அட்ரெய்டிஸ் எதிர்த்திசையில் வருகிறான். கடலும் மழையும் நிறைந்த கலடானில் பிறந்தவன், தந்தைக்குப் பேரரசர் கொடுத்த பதவிக்காகப் பாலைக் கிரகமான அராகிஸுக்கு வந்து இறங்குகிறான். வில்நெவ் இதற்கு ஜோர்டானின் வாடி ரம்மையும் அபுதாபியின் மணற்குன்றுகளையும் தேர்ந்தெடுத்தார். வாடி ரம் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) எடுக்கப்பட்ட இடம். வெளியிலிருந்து வந்து பாலை மக்களுக்குத் தலைவனாகும் ஒருவனின் கதைக்கு அந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அந்த மண்ணின் மக்களை இரு படங்களும் எப்படிப் பார்க்கின்றன? ஸ்டார் வார்ஸில் டாட்டூயினின் பூர்வகுடிகள் டஸ்கன்கள். லூக் அவர்களைத் தொலைநோக்கியில் பார்க்கிறான். திடீரென்று ஒருவன் எழுந்து தாக்குகிறான். முகம் துணியால் சுற்றப்பட்டிருக்கிறது. பேச்சு என்று எதுவும் இல்லை, வெறும் கூச்சல்தான். அவர்களுடைய நிலத்தில் பண்ணை போட்டவர்கள் யார் என்று படம் கேட்பதில்லை. அந்தக் குறை ‘தி புக் ஆஃப் போபா ஃபெட்’ தொடரில்தான் ஓரளவு தீர்ந்தது. அதற்குள் 44 ஆண்டுகள் ஓடிவிட்டன. டூனிலோ கதையைத் தொடங்கிவைக்கும் குரல், அராகிஸின் பூர்வகுடியான ஃப்ரெமன் இனப் பெண் சானியுடையது. தன் மண்ணின் அழகையும், அங்கே கிடைக்கும் ஸ்பைஸ் என்ற அரிய பொருளுக்காக அதைச் சுரண்டியவர்களின் கொடுமையையும் சொல்லிவிட்டு, அடுத்து எங்களை ஒடுக்க வரப்போவது யார் என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி முடிகிற இடத்தில் வில்நெவ் பால் அட்ரெய்டிஸைக் காட்டுகிறார். ஐந்து மணி நேரக் கதையின் விடையை முதல் சில நிமிடங்களிலேயே போட்டு உடைத்திருக்கிறார். முதல்முறை பார்க்கும்போது அது நமக்குப் பிடிபடுவதில்லை.

இரு படங்களிலும் மனத்தை வளைக்கும் வித்தை ஒன்று உண்டு. மாஸ் ஐஸ்லி நகரில் வழிமறிக்கும் சிப்பாயின் முன் லூக்கின் குரு ஓபி-வான் கையை லேசாக அசைக்கிறார். அவர் சொன்னதை அவன் அப்படியே திருப்பிச் சொல்லி வழிவிடுகிறான். நாம் சிரித்து மகிழ்கிறோம். இன்னொருவரின் மனத்துக்குள் புகுந்து ஆட்டிவைப்பது சரியா என்ற எண்ணமே நமக்கு எழாது. டூனில் அதன் பெயர் ‘குரல்’. பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பின் சகோதரிகள் தலைமுறைகளாகப் பயிலும் கலை. முதிய குருத்தாய் அந்தக் குரலால் பாலை மண்டியிட வைக்கும்போது, வித்தைக்குப் பலியாவது எத்தனை பெரிய அவமானம் என்பதை அவன் முகத்தில் காண்கிறோம். இரண்டாம் பாகத்தின் முடிவில் அதே குருத்தாயை அதே குரலால் பால் வாயடைக்கிறான். பழி தீர்ந்த நிறைவு வரவேண்டிய அந்த இடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது.

மீட்பர் நம்பிக்கையும் அப்படித்தான். லூக்கிடம் ஓபி-வான் உன் உள்ளுணர்வை நம்பு என்கிறார். அவன் குறிபார்க்கும் கருவியை அணைத்துவிட்டு நம்புகிறான். பேரரசின் போர்நிலையமான டெத் ஸ்டார் வெடித்துச் சிதறுகிறது. நம்பிக்கை அங்கே கலப்படமற்ற நன்மை. டூனில் மீட்பர் வருவார் என்ற வாக்கு, பெனி ஜெஸரிட் திட்டமிட்டு ஃப்ரெமன் மக்களிடையே விதைத்த கதை. பாலின் தாய் ஜெஸிகாவுக்கு அது தெரியும், பாலுக்கும் தெரியும். வடக்கிலுள்ள இளைஞர்கள் அதை ஏளனம் செய்கிறார்கள், தெற்கே இருப்பவர்கள் உயிராக நம்புகிறார்கள். ஹாவியர் பார்டெம் நடித்த ஃப்ரெமன் தலைவர் ஸ்டில்கர் ஒவ்வொன்றையும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார். பால் மறுத்தால், மீட்பருக்கே உரிய பணிவு என்று மெய்சிலிர்க்கிறார். திரையரங்கு சிரிக்கிறது. கடைசி அரைமணி நேரத்தில் அதே ஸ்டில்கர், அதே கண்களோடு கப்பலேறி வேற்றுக் கிரகங்களை அழிக்கப் புறப்படுகிறார். நம்மைச் சிரிக்கவைத்த அதே குணத்தை வைத்தே நம்மை அச்சுறுத்துகிறது படம். இந்த வகைப் படங்களில் இதற்கு இணையான எழுத்தை நான் பார்த்ததில்லை.

கவர்ச்சியுள்ள தலைவர்களை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கவே டூனை எழுதியதாக ஹெர்பர்ட் சொல்லியிருக்கிறார். நாவலைப் படித்த பலர் பாலை வெற்றிவீரனாகவே கொண்டாடினார்கள். 1969-இல் வந்த ‘டூன் மெசையா’ அந்தக் கொண்டாட்டத்தைக் கலைத்தது. வில்நெவ் அடுத்த நாவல் வரை காத்திருக்கவில்லை. நாவலில் பாலின் பக்கத்திலேயே இருந்துவிடும் சானியை, படத்தில் நம்பாதவளாக மாற்றினார். எல்லோரும் மண்டியிடும்போது ஸெண்டாயா நடித்த சானி மட்டும் வெளியேறுகிறாள். ஸ்டார் வார்ஸ் முடியும்போது அரங்கம் நிறையக் கூடிய வீரர்கள் முன் லூக்குக்குப் பதக்கம் அணிவிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஐயப்படும் ஒரு முகம்கூட இல்லை.

இவ்வளவும் சொன்னதால் லூகாஸின் படம் இளைத்தது என்று ஆகிவிடாது. 121 நிமிடத்தில் அது ஓடும் ஓட்டம் டூனுக்குக் கிடையாது. ஹான் சோலோவும் இளவரசி லேயாவும் இடும் சண்டைகள், இரண்டு ரோபோக்களின் பிணக்கு, ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் நண்பர்களாகும் அழகு எல்லாம் அங்கே உயிரோடு இருக்கின்றன. டூனில் நட்பு என்று சொல்ல டங்கன் ஐடஹோ ஒருவன்தான்; அவனும் பாதியில் போய்விடுகிறான். பேரரசராக வரும் கிறிஸ்டோபர் வாக்கனுக்குப் படம் எதையும் கொடுக்கவில்லை. ஸ்டார் வார்ஸின் வில்லன் டார்த் வேடர் நுழையும் ஒரு காட்சிக்கு அந்தப் பேரரசரின் மொத்தப் பங்கும் ஈடாகாது.

ஒலியில் மட்டும் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலையும் கலந்துதான் பென் பர்ட் கதிர்வாளின் ஓசையைச் செய்தார். எதிரிப் போர் விமானங்களின் அலறலுக்குள் யானையின் பிளிறல் இருக்கிறது. டூனின் மார்க் மாங்கினியும் தியோ கிரீனும் அதே வழியில் போனவர்கள். தும்பியைப் போலச் சிறகடிக்கும் ஆர்னிதாப்டர் ஊர்தியின் ஒலியில் பூனையின் உறுமலும் வண்டின் சிறகொலியும் சேர்ந்திருக்கின்றன. கணினியில் பிறந்த ஓசைகளைவிட, உலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓசைகளே அன்னியக் கிரகத்தை நம்பவைக்கும் என்று இரு குழுக்களும் அறிந்திருந்தன. இசை வேறு கதை. ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு நாயகனுக்கு முடிசூட்டுகிறார். ஹான்ஸ் ஸிம்மர் பெண்குரல்களின் ஓலத்தால் அவனைப் பற்றி எச்சரிக்கிறார்.

படைப்பாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு டூனின் இரண்டாம் பாகத்துக்கு. ஆனால் அதன் முழு வலு, ஸ்டார் வார்ஸின் அந்தப் பதக்க விழாவில் மனதாரக் கைதட்டியவர்களுக்குத்தான் கிடைக்கும். எனவே 1977 படத்தை முதலில் பாருங்கள். பிறகு டூனின் இரு பாகங்களையும் ஒரே விடுமுறை நாளில், அடுத்தடுத்துப் பாருங்கள். மொத்தம் 5 மணி 21 நிமிடம். கைபேசித் திரையில் வேண்டாம். கிடைக்கும் திரைகளில் பெரியதையும், நல்ல ஒலியமைப்பையும் தேடிக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தில் பால் தெற்கே போனதிலிருந்து, அவனை விட்டுவிட்டுச் சானியைக் கவனியுங்கள்.