நியூ யார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவு

நியூ யார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவு என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ யார்க் நகரில் அந்நூலகத்தின் கிளைகளில் சிறுவருக்கென நடத்தப்பட்டுவரும் சேவை ஆகும். 1906ஆம் ஆண்டில் இதன் பொறுப்பை ஆன் கரோல் மூர் (1871–1961) ஏற்றார். வாசிக்கக் கற்பிப்பது பள்ளியின் பணி. தாமாக நூலைத் தேர்ந்தெடுத்தல், பொதுச்சொத்து ஒன்றைத் தம் பொறுப்பில் வைத்திருந்து திருப்பித் தருதல், பலரோடு அமர்ந்து கதை கேட்டல் ஆகியவற்றைச் சிறுவர் நூலகத்தில் கற்கின்றனர். இவற்றுக்கான நடைமுறைகள் பலவற்றை இப்பிரிவு தொடக்கத்திலேயே உருவாக்கிக்கொண்டது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. சிறுவர் நூல்களைக் கிழிப்பர், கூச்சலிடுவர் என்ற அச்சமே இதற்குக் காரணம். மூர் 1896 முதல் புரூக்ளினிலுள்ள பிராட் கல்வி நிலையத்தின் சிறுவர் அறையில் பணியாற்றியவர். நியூ யார்க்கில் பொறுப்பேற்றபின் வயது வரம்பை நீக்கினார். அமைதி காக்குமாறு கூறும் பலகைகளை அகற்றி, அவ்விடங்களில் சிறுவர் நூல் ஓவியங்களை மாட்டச் செய்தார். முழு அமைதியைச் சிறுவரிடம் எதிர்பார்க்க வேண்டாம் என ஊழியர்களுக்கு அறிவுறுத்தினார். 42ஆம் தெருவில் 1911இல் திறக்கப்பட்ட மையக் கட்டடத்தில் சிறுவருக்குத் தனி அறை அமைந்தது. 1913 அளவில் கிளைகளில் இரவல் பெறப்பட்ட நூல்களில் மூன்றில் ஒரு பங்கு சிறுவர் நூல்களாக இருந்தன.

கையொப்பப் பதிவேடு

நூல்களை இரவல் பெற விரும்பும் சிறுவர் பெரிய கறுப்புப் பதிவேடு ஒன்றில் தம் பெயரை எழுத வேண்டும் என்பது மூர் கொண்டுவந்த நடைமுறை. நூலகத்திலும் வீட்டிலும் நூல்களைப் பேணுவதாகவும், நூலக விதிகளுக்குக் கட்டுப்படுவதாகவும் அளிக்கும் உறுதிமொழியாக அக்கையொப்பம் கொள்ளப்பட்டது. சிறு செயலாகத் தோன்றினும் இதன் பொருள் பெரிது. உறுதிமொழி தருபவர் பெற்றோர் அல்லர், குழந்தையே. புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளில், வீட்டில் சொந்த நூல் ஒன்றும் இல்லாத சிறுவர் நகரத்தின் நூலைத் தம் பெயரில் எடுத்துச் சென்றனர். தன்னுடையது அல்லாத, எனினும் தனக்கும் உரிமையுள்ள ஒரு பொருளைக் கையாளும் பழக்கம் இவ்வாறு ஏற்பட்டது. அடுத்து வாசிக்கக் காத்திருப்பவர் யாரென்று தெரியாதபோதும் அவருக்காக நூலைக் கிழியாமல் காப்பதும் இதில் அடங்கும்.

கதை நேரம்

மெழுகுவர்த்தி ஏற்றிக் கதை சொல்வது இந்நூலகத்தின் நீண்டகால மரபு ஆகும். கதை முடிந்ததும் சிறுவர் மனத்தில் ஒன்றை வேண்டிக்கொள்ள, சுடர் ஊதி அணைக்கப்படும். எழுத்தறியாத குழந்தையும் இதில் பங்கு கொள்ளலாம்.

புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பூரா பெல்ப்ரே 1921இல் 135ஆம் தெருக் கிளையில் பணியில் சேர்ந்தார். தம் நாட்டு நாட்டார் கதைகள் அலமாரிகளில் இல்லாததைக் கண்டு, அவற்றை எசுப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் கூறினார், பொம்மலாட்டத்தையும் பயன்படுத்தினார். கரப்பான் ஒன்றும் எலி ஒன்றும் மணம் புரியும் கதையான 'பெரெசும் மார்த்தினாவும்' 1932இல் நூலாக வெளிவந்தது. வீட்டு மொழி நூலகத்திலும் ஒலிக்கத்தக்கது என்பதை எசுப்பானியம் பேசும் சிறுவர் இங்கு நேரில் அறிந்தனர்.

நூல் தேர்வும் விமர்சனமும்

சிறுவர் தாமே தேர்ந்தெடுத்தாலும், நூலகர் வாங்கி வைத்தவற்றிலிருந்தே தேர்ந்தெடுக்க முடியும். இதுவே இப்பிரிவின் மீதான முக்கிய விமர்சனம். மார்கரெட் வைசு பிரவுன் எழுதி 1947இல் வெளியான 'குட்நைட் மூன்' என்ற புகழ்பெற்ற படநூலை இந்நூலகம் 1972 வரை வாங்கவில்லை. மூர் 1941இல் ஓய்வு பெற்றுவிட்டபோதும் அவரது கருத்தின் செல்வாக்கு நீடித்ததே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது.

இதனினும் பாரதூரமானது கறுப்பினச் சிறுவரை இழிவாகச் சித்தரித்த நூல்களின் நிலை. 1937இல் 135ஆம் தெருக் கிளையில் சிறுவர் நூலகராகச் சேர்ந்த ஆகஸ்டா பேக்கர், அங்கு வரும் ஆர்லெம் பகுதிக் குழந்தைகள் தம்மைப் பற்றி எதைக் கற்கின்றனர் என்ற கேள்வியை எழுப்பினார். 1939 முதல் கறுப்பின வாழ்வை நேர்மையாகக் காட்டும் நூல்களைத் தெரிந்து ஒரு தொகுப்பை உருவாக்கினார். 1961இல் சிறுவர் சேவை முழுவதற்கும் ஒருங்கிணைப்பாளர் ஆனார். அடுத்த ஆண்டு வெளியான எசுரா சாக் கீட்சின் 'தி ஸ்னோயி டே', பனியில் விளையாடும் கறுப்பினச் சிறுவன் ஒருவனைப் பற்றியது. நூலகத்தின் 125ஆம் ஆண்டையொட்டி 2020இல் வெளியிடப்பட்ட பட்டியலில், அதிகம் இரவல் பெறப்பட்ட நூலாக இதுவே முதலிடம் பெற்றது (4,85,583 முறை).

தாமதக் கட்டணம்

நூலைத் தாமதமாகத் திருப்புவோரிடம் கட்டணம் பெறுவது பொறுப்பைக் கற்பிக்கும் எனப் பலகாலம் கருதப்பட்டது. ஆயினும் 15 டொலரோ அதற்கு மேலோ நிலுவை சேர்ந்தால் உறுப்பினர் அட்டை முடக்கப்பட்டு வந்தது. கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைகள் நூலகத்துக்கு வருவதையே நிறுத்தினர். 2017இல் சிறுவருக்கும் பதின்ம வயதினருக்கும் மட்டும் ஒருமுறை நிலுவை தள்ளுபடி செய்யப்பட்டது. 2021 அக்டோபரில் நியூ யார்க், புரூக்ளின், குயின்சு ஆகிய மூன்று நூலக அமைப்புகளும் தாமதக் கட்டணத்தை முற்றாக நீக்கின. அப்போது சுமார் 4,00,000 பேரின் அட்டைகள் முடங்கியிருந்தன. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வறிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். தொலைந்த நூலுக்கு மட்டும் ஈடு செலுத்த வேண்டும். நூல் பின்னர் கிடைத்துத் திருப்பித் தரப்பட்டால் அதுவும் இல்லை. கட்டணம் நீக்கப்பட்ட பின்வந்த மாதங்களில், நெடுங்காலம் திரும்பாதிருந்த நூல்கள் ஆயிரக்கணக்கில் மூன்று அமைப்புகளுக்கும் வந்து சேர்ந்தன.