கூத்துக் களம் முதல் வண்ணத் திரை வரை



வரலாறு என்றதும் நம் பிள்ளைகளுக்கு அரசர்களும் போர்களுமே நினைவுக்கு வருகின்றன. உழைக்கும் மக்கள் வேலை ஓய்ந்தபின் எதைப் பாடினார்கள், எதைக் கேட்டுச் சிரித்தார்கள், எந்தக் கதைக்குக் கண் கலங்கினார்கள் என்பதும் வரலாறுதான். பத்தாங் காலி, கோல சிலாங்கூர் போன்ற வட்டாரங்களின் தோட்டங்களில் வாழ்ந்த நம் குடும்பங்களின் பொழுதுபோக்கு எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து வந்தது என்பதை இன்று பார்ப்போம்.

கப்பலேறி வந்த நம் முன்னோர் கையில் கொண்டுவந்த பொருள் கொஞ்சம். நெஞ்சில் கொண்டுவந்த கதையும் பாட்டும் ஏராளம். வட தமிழ் மாவட்டத்தாருக்குத் தெருக்கூத்து, கொங்கு நாட்டாருக்குப் பொன்னர் சங்கர் கதை என்று ஊருக்கு ஊர் ஒரு செல்வம் இருந்தது. கும்மி, கோலாட்டம், சிலம்பம், உறுமி மேளம் ஆகியவையும் உடன் வந்தன. நம்மைப் போன்றே தோட்டத் தொழிலுக்குச் சென்ற இலங்கை மலையகத் தமிழர் காமன் கூத்தை இன்றும் மாசி மாதத்தில் ஆடி வருகிறார்கள்.

இக்கலைகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பகலில் பால் மரம் வெட்டியவரே இரவில் அரிதாரம் பூசி அருச்சுனனாக நின்றார். பக்கத்து லயத்துக்காரர் திரௌபதியானார். பார்ப்பவர் வேறு, நடிப்பவர் வேறு என்ற பிரிவினை கிடையாது. ஆனால் விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் விடிய விடியக் கூத்தாட முடியுமா? ஆகவேதான் தோட்டத்துக் கோவில் திருவிழாவே கூத்துக்கும் காலமாயிற்று.

அதே காலத்தில் உலகின் மறுபுறத்தில் ஒரு புதுமை பிறந்தது. 1895 டிசம்பர் 28 ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குச் சலனப் படம் காட்டினார்கள். மறு ஆண்டு ஜூலையில் அது பம்பாய்க்கு வந்தது. 1905 இல் திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், படக் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டு, கூடாரத்துடன் ஊர் ஊராகப் புறப்பட்டார். பின்னர் நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ என்ற ஊமைப் படத்தை எடுத்தார். 1931 அக்டோபர் 31 ஆம் நாள் ‘காளிதாஸ்’ வெளியானது. டி.பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. படம் பேசத் தொடங்கிய பின்பு, தமிழ் பேசுவோர் வாழும் கடல் கடந்த நாடுகளையும் அது தேடி வந்தது.

படம் பட்டணத்துக்கு வந்துவிட்டது. தோட்டத்துக்குள் வந்ததா? இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

தோட்டம் என்பது கம்பெனியின் சொத்து. வெளியார் உள்ளே வருவதற்கும் நம்மவர் கூட்டம் கூடுவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். ஆனால் தோட்டத்துக்குள்ளேயே ஒரு கேளிக்கை தாராளமாகக் கிடைத்தது. அதுதான் கள்ளுக்கடை! வாங்கிய கூலி அந்தியில் அங்கேயே கரைந்தது.

1941 ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நாம் கூலிப் போராட்டம் என்றே அறிந்திருக்கிறோம். அதன் கோரிக்கைகளை உற்று நோக்கினால் வேறொன்றும் புலப்படும். சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கேட்டவர்கள், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்கு வந்துபோக வேண்டும் என்றார்கள். கூட்டம் கூடும் உரிமை வேண்டும் என்றார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையையும் கேட்டார்கள்! இவையெல்லாம் வேலை நேரத்தைப் பற்றியவை மட்டுமல்ல. வேலை முடிந்தபின் உள்ள நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இவற்றில் அடங்கியிருக்கிறது. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பலியாயின. போராட்டத்துக்குத் துணை நின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின், 1947 இல், கெடா மாநிலத்துத் தொண்டர் படை இளைஞர்கள் அதே கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். அங்கும் போலீசாரோடு மோதல் நேர்ந்தது.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பத்தாங் காலி அருகே, ரப்பர் தோட்டம் ஒன்றில், ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். ஊரடங்கும் அச்சமும் சூழ்ந்த அந்நாளில் இரவுக் கூத்துக்கு இடமேது? கலை, மக்களிடமிருந்து கிளம்புவதற்குப் பதிலாக, மேலிருந்து அனுப்பப்படும் பொருளாக மாறிற்று. 1946 இல் அமைக்கப்பட்ட மலாயாப் படப் பிரிவு எடுத்த செய்திப் படங்களைத் தகவல் இலாகாவின் வேன்கள் கொண்டுவந்து காட்டின. அரசாங்கம் சொல்ல விரும்பியது அவற்றில் இருந்தது; நம்மவர் பார்க்க விரும்பிய அசையும் படமும் இருந்தது.

1946 ஏப்ரல் முதல் நாளில் பிறந்த மலாயா வானொலியில் தமிழும் இடம்பெற்றது. இது சாதாரண நிகழ்ச்சியன்று. பட்டணத்துக்குப் போக ஆண்களுக்குச் சைக்கிள் இருந்தது. விடியலில் மரம் வெட்டி, பின்னர் அடுப்படியில் நின்ற நம் தாய்மாருக்கு என்ன இருந்தது? அரிசி களைந்துகொண்டே நாடகம் கேட்கவும், பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டே பாட்டுக் கேட்கவும் வழி செய்தது வானொலிதான்.

பிறகு வந்தது திடல் படக் காலம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். மாலையிலேயே பாய் விரித்து இடம் பிடிப்பார்கள் பிள்ளைகள். முன்புறம் இடமில்லாதவர் துணியின் பின்புறம் அமர்வார்கள்; அவர்களுக்குக் கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான், எழுத்தெல்லாம் தலைமாறித் தெரியும்! ஒரு சுருள் முடிந்து மறு சுருள் மாட்டும் வரை, அடுத்து என்ன நடக்கும் என்று வாதம் நடக்கும். 1952 இல் வெளிவந்த ‘பராசக்தி’, பர்மாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் போரினால் சிதறும் கதை. சயாம் ரயில் பாதையில் உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்கு அது தங்கள் வீட்டுக் கதையாகவே பட்டிருக்கும். நடிகர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள், கண்ணீரோ நம்முடையதாயிருந்தது.

1963 டிசம்பர் 28 ஆம் நாள் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. பாரிஸில் முதற் படம் காட்டி சரியாக 68 ஆண்டுகள்! 1978 இல், அதே டிசம்பர் 28 இல், தீபகற்பத்தில் வண்ண ஒளிபரப்பும் வந்தது. பெட்டி உள்ள ஒரு வீட்டின் முன் லயமே கூடிய காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. 1980களில் வீடியோ நாடா வந்தது. 1996 இல் ஆஸ்ட்ரோ வந்தது. திடல் வெறிச்சோடியது. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்தன. பல லயங்கள் கலைந்து குடும்பங்கள் பட்டணம் சென்றன.

நேயர்களே, தொலைக்காட்சியைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. துரையின் அனுமதி கேளாமல் நாம் விரும்பியதைப் பார்க்கும் உரிமை பெரிய உரிமை. அதன் ஒரு பகுதிக்காகத்தான் 1941 இல் நம்மவர் உயிரும் கொடுத்தார்கள். ஆனால் அன்று பார்ப்பவராகவும் ஆடுபவராகவும் இருந்த நாம், இன்று பார்ப்பவராக மட்டும் நின்றுவிட்டோம். பள்ளியில் கதை சொல்லுங்கள் என்றால் பிள்ளைகள் படக் கதையைச் சொல்கிறார்கள். பாட்டி சொன்ன கதையைச் சொல்வோர் வெகு சிலரே.

இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. வீட்டிலுள்ள முதியவரை ஒரு மாலை உட்காரவைத்து, அந்தக் காலத்துக் கும்மிப் பாட்டையோ கூத்துக் கதையையோ பாடச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்தத் திருவிழா, யார் யார் ஆடினார்கள் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். அதோடு நில்லாமல், அந்தப் பாட்டைப் பிள்ளை தன் வாயால் பாடப் பழக்குங்கள். உறுமி இன்னும் நம் திருவிழாக்களில் முழங்குகிறது; அதை அடிக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞனைத் தட்டிக் கொடுங்கள். பாடத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்வதுதான் அறிவுடைமை.