எவரால் என்னும் வினா: ஆங்கிலச் செயப்பாட்டுவினையும் நம் வரலாறும்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென அன்பர்கள் பணித்தனர். பள்ளிப் பணியில் பல்லாண்டு பழகிய பொருளாகிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டோம். இலக்கணம் எங்ஙனம் வரலாறாகும் என ஐயுறுவோர் உளர். ஒரு மக்கட் கூட்டம் எப்பெயரால் அழைக்கப்பட்டது, அப்பெயருள் என்ன வினை அடங்கியுள்ளது, அவ்வினையைச் செய்தவர் யாவர் என ஆராய்வதும் வரலாறே என்பது நம் துணிபு.

கல்லாக்கப்பட்ட மரம்

நம் திருவக்கரையிலிருந்தே தொடங்குவோம். சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர் சந்திரமௌலீசுவரர் கோயிலாலும் வக்கிரகாளியம்மன் சந்நிதியாலும் பெயர் பெற்றது. அறிவியலார்க்கோ இது கல்மரங்களின் ஊர். 1781ஆம் ஆண்டிலேயே சோனரத் என்னும் ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் இக்கல்மரங்களைக் குறித்துள்ளார். சுமார் 247 ஏக்கர் பரப்புள்ள கல்மரப் பூங்கா இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் உள்ளது. இம்மரங்களின் அகவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்பர்.

இவற்றை ஆங்கிலத்தார் 'பெட்ரிஃபைட் வுட்' என வழங்குவர். கல்லாக்கப்பட்ட மரம் என்பது பொருள். வெளியூரார் வந்து வினவுங்கால் நம் மாணாக்கர் ஆங்கிலத்தில் விடை கூற முற்படுவர். திருவக்கரை கல்மரங்களுக்குப் பெயர் பெற்றது என்பதற்கு 'நோன் ஃபார்' எனல் வேண்டும். இவ்வூர் ஆய்வாளர்க்குத் தெரிந்த ஊர் என்பதற்கு 'நோன் டு'. இம்மரங்கள் கல்மரம் என வழங்கப்படுகின்றன என்பதற்கு 'நோன் அஸ்'. வினை ஒன்று, அதனை அடுத்து வரும் முன்னிடைச்சொல் மூன்று, பொருளும் மூன்று. நம் மாணாக்கரோ மூன்றிடத்தும் 'பை' என்னும் ஒன்றையே பெய்து எழுதுவர்.

பிழையின் வேர்

இப்பிழைக்கு மாணாக்கரின் மந்தபுத்தி காரணமன்று. நம் தாய்மொழியின் அமைப்பே காரணம். நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் வகுத்தார். 'வாளால் வெட்டப்பட்டது' என்னுமிடத்து ஆல் உருபு கருவியைக் குறிக்கும். 'தச்சனால் வெட்டப்பட்டது' என்னுமிடத்து அதே உருபு கருத்தாவைக் குறிக்கும். ஆங்கிலமோ கருத்தாவுக்குப் 'பை' என்றும் கருவிக்கு 'வித்' என்றும் பிரித்து வைத்தது. தச்சனுக்கும் வாளுக்கும் ஒரே உருபு தந்து பழகிய நாம் ஆங்கிலத்திலும் அவ்வாறே எழுதி இடறுகிறோம்.

ஆங்கிலமும் தொடக்கத்தில் இத்துணைத் திட்டமாக இருந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் செய்தவரைச் சுட்ட 'ஃப்ரம்', 'ஆஃப்' போன்ற சொற்களே பெரிதும் வழங்கின. 'பை' பின்னரே மேலோங்கிற்று. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் 'பை' வரவேண்டிய இடங்கள் சிலவற்றில் 'ஆஃப்' நிற்பதை இன்றும் காணலாம்.

ஆசிரியர்கள் பயன்கொள்ளும் பொருட்டு அன்றாட வழக்கிற் சில காட்டுவோம். மேசை மரத்தால் ஆனது; மரம் மரமாகவே தோன்றுகிறது; ஆதலின் 'மேட் ஆஃப்'. பனைவெல்லம் பதநீரிலிருந்து ஆக்கப்படுவது, பதநீர் உருமாறிவிட்டது, ஆதலின் 'மேட் ஃப்ரம்'. ஒன்றில் நாட்டம் கொள்ளுதல் 'இன்டரஸ்டட் இன்'. மனநிறைவு கொள்ளுதல் 'சாட்டிஸ்ஃபைட் வித்'. ஒருவரை மணத்தல் 'மேரீட் டு'. விலக்கி வைக்கப்படுதல் 'எக்ஸ்க்ளூடட் ஃப்ரம்'. உரிமை பறிக்கப்படுதல் 'டிப்ரைவ்டு ஆஃப்'. இவற்றை வினையோடு சேர்த்தே மனத்திற் பதித்தல் வேண்டும். 1930களில் தோன்றிய ரென், மார்ட்டின் இலக்கண நூலை வைத்துக்கொண்டு செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சியையே ஓயாது தந்தால், எல்லாவற்றுக்கும் 'பை' போதும் என்னும் எண்ணமே மாணாக்கர் உள்ளத்தில் வேரூன்றும்.

ஒரு பழைய தாள்

இப்பிழையால் மதிப்பெண் மட்டுமே குறையும் என எண்ணற்க. முன்னொரு நாள் முதியவர் ஒருவர் மடித்து மடித்துக் கிழிந்த நிலத்தாள் ஒன்றைப் பள்ளிக்குக் கொணர்ந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்துப் படிக்கச் சொன்னோம். 'அசைன்டு டு' எனத் தொடங்கித் தந்தையின் பெயர் இருந்தது. மாணவன் அவரால் வழங்கப்பட்டது எனப் பொருள் கூறினான். முதியவர் திடுக்கிட்டு, "எங்கப்பன் எங்க சார் குடுத்தாரு? வாங்கினவராச்சே அவரு!" என்றார். 'டு' என்பதைப் 'பை' எனக் கொண்டமையால் நிலம் பெற்றவர் நிலம் கொடுத்தவராகிவிட்டார். ஒரு குடும்பத்தின் காணி ஓர் இடைச்சொல்லில் நிற்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

அத்தகைய தாள்களுக்கும் ஒரு வரலாறுண்டு. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலையை விளக்கி அரசுக்கு அறிக்கை விடுத்தார். அதன் பயனாக 1892இல் நிலம் வழங்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் மக்கள் வழங்குவது இதனையே. பிற வகுப்பார்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனைகளும் விதிகளில் இடம்பெற்றன. 'சோல்டு டு' என்பதற்கும் 'சோல்டு பை' என்பதற்கும் வேற்றுமை அறியாதவர் அந்நிபந்தனையை எங்ஙனம் காப்பர்?

பெயருள் மறைந்த எழுவாய்

டி.சி. என்பது 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என்பதன் சுருக்கம். அமிழ்த்தப்பட்ட வகுப்பார் என்பது பொருள். அமிழ்த்தியவர் யார்? பெயரில் விடையில்லை. ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் வசதியே அது; செய்தவரைக் கூறாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். பள்ளமான நிலத்தையும் அதே சொல்லின் வழிவந்த 'டிப்ரஷன்' என்னும் சொல்லால் குறிப்பர். பள்ளம் இயற்கையாய் அமைவது போல நம் நிலையும் தானே அமைந்தது என எண்ண இது இடந்தந்தது.

நம் முன்னோர் இதனை உணராதவரல்லர். எம்.சி. ராசா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக 1922இல் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு வழக்கில் ஏறிற்று. இப்பெயரில் பிறர் செய்த வினை எதுவுமில்லை. தொன்மை மட்டுமே உண்டு. அவரே 1925இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பில் 'ஒப்ரஸ்டு', அதாவது ஒடுக்கப்பட்ட, என்னும் சொல்லை ஆண்டார். அச்சொல்லைக் கேட்டவுடன் ஒடுக்கியவர் எவர் என்னும் வினா தானே எழும்.

1932 செப்டம்பர் 24இல் கையொப்பமான பூனா ஒப்பந்தத்தில் 148 இடங்கள் நம் வகுப்பார்க்கென ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. ஒதுக்கப்பட்டமைக்கு ஆங்கிலத்தில் 'ரிசர்வ்டு ஃபார்' என்பர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் 'ஷெட்யூல்டு', அதாவது பட்டியலில் சேர்க்கப்பட்ட, என்னும் சொல்லைத் தந்தது. அதுவும் செயப்பாட்டுவினையே. ஆயின் இங்கே செய்பவர் மறையவில்லை. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி பட்டியலை அறிவிப்பவர் குடியரசுத் தலைவர்; திருத்தும் உரிமை நாடாளுமன்றத்துக்கு.

தமிழும் இத்துறையில் பின்னிற்கவில்லை. தாழ்ந்தோர் என்றால் தாமே தாழ்ந்தவர். தாழ்த்தப்பட்டோர் என்றால் தாழ்த்தியவர் ஒருவர் உண்டு. ஒரு 'படு' சேர்ந்ததும் பழி இடம் மாறிற்று. ஆங்கிலத்தார் 'பேக்வர்டு' என்றதைத் தமிழர் பிற்படுத்தப்பட்டோர் என ஆக்கியதும் இந்நுட்பம் நோக்கியே.

சட்டம் தந்த விடை

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்பட்டதாகச் செயப்பாட்டுவினையில் கூறுகிறது. அதனைக் கைக்கொள்பவர் எவர் என்பதை அங்குச் சுட்டவில்லை. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டமே 'ஹூவெவர்', அதாவது எவரொருவர், எனத் தொடங்கிக் குற்றம் செய்தவரை எழுவாயாக நிறுத்திற்று. கோயிலினுள் நுழையாமல் தடுத்தல் அங்கே 'ஃப்ரம்' பெற்றது. சிறைத்தண்டனை 'வித்' பெற்றது. 1976இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமெனப் பெயர் பெற்றது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் இனத்தவரல்லாத ஒருவர் நம் மக்கள்மீது இழைக்கும் கொடுமை எனச் செய்பவரை மேலும் தெளிவாக வரையறுத்தது. பல்லாண்டு மறைந்திருந்த எழுவாய் இவ்வாறு வெளிப்பட்டது.

திருவக்கரை மரங்களைக் கல்லாக்கியவர் எவருமிலர். மண்ணும் நீரும் காலமும் செய்த வேலை அது. அங்கே எவரால் என வினவுதல் வீண். மனிதர் தாழ்ந்து கிடக்கும் இடத்திலோ அவ்வினாவை விடுத்தல் தவறு. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது 'அடிக்கப்பட்டேன்' என்பதோடு நிறுத்தாமல் எவரால், எதனால், எவ்விடத்தில் என எழுத நம் பிள்ளைகள் கற்றல் வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இதனை உளங்கொள்க.

ஆங்கிலத்தில் இழிவாக நோக்கப்படுதலை 'லுக்ட் டவுன் அபான்' என்றும், மதித்துப் போற்றப்படுதலை 'லுக்ட் அப் டு' என்றும் கூறுவர். வினை ஒன்றே, உடன்வரும் சிறு சொற்களே கீழ்மையையும் மேன்மையையும் வகுக்கின்றன. முன்னதிலிருந்து பின்னதற்கு நம் மக்களை அழைத்துச் செல்வதே கல்வியின் பணி. அப்பணியில் 25 ஆண்டு கடந்த இச்சங்கம் எவரால் வளர்க்கப்பெற்றது என நாளை நம் மாணாக்கர் வினவுவராயின், நம்மவரால் என்பதே விடையாகும். அவ்விடை என்றும் நிலைப்பதாக.